ஒரு லிட்டருக்குள் ஒன்பது யூனிட்: எண்ணெய் விலை, மாற்று எரிபொருள் – கேள்வி பதில்

கொளத்தூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தார், பெட்ரோல் விலை பற்றியும் அதற்கு மாற்று பற்றியும் கேள்விகளை எழுதி வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். மணலியில் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதுதான் எனக்குள்ள ஒரே தகுதி. பதில்களில் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறினால் இங்கே உடனே ஏறுகிறது. இறங்கினால் மட்டும் ஏன் இறங்குவதில்லை? – ஆட்டோ ஓட்டுநர், மூலக்கடை

இறங்குகிறது, உங்கள் கைக்கு வருவதற்குள் வேறொருவர் வாங்கிக்கொள்கிறார். 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. சரக்கை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு விற்பவரே பணம் தரும் நிலை. அடுத்த மாதமே மத்திய அரசு உற்பத்தி வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. மாநில அரசின் வாட் வரி தனி. ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவர எந்த அரசுக்கும் அவசரமில்லை, எந்தக் கட்சி ஆண்டாலும்.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீங்கிவிட்டது. 2017 முதல் தினமும் மாறவேண்டிய விலை. ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதையும் பார்த்திருக்கிறோம், குறிப்பாகத் தேர்தல் நேரத்தில். தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அதற்கு டாலரில் பணம் கட்டுகிறோம். ரூபாய் சரிந்தால், எண்ணெய் விலை ஏறாமலேயே நமக்கு ஏறிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்ட பிறகு பைக் மைலேஜ் குறைந்துவிட்டது. பங்கில் தண்ணீர் கலக்கிறார்களா? – கல்லூரி மாணவர், அயனாவரம்

மைலேஜ் குறைவதற்குத் தண்ணீர் தேவையில்லை தம்பி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்த ஆற்றலில் ஆறேழு சதவீதம் போய்விடும். எத்தனாலுக்கு ஏற்றபடி வடிவமைத்த எஞ்சினில் இழப்பு குறைவாகத் தெரியும். பழைய வண்டியில் நன்றாகவே தெரியும். கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் எரிபொருளாகப் போவது எனக்கு முழுச் சம்மதமில்லை. கரும்பு குடிக்கும் தண்ணீரை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

தண்ணீர் வேறு கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் ஸ்கூட்டர் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றது. மெக்கானிக் டாங்கைத் திறந்து வடித்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தேன். சிறிது நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. எண்ணெய்க்கடியில் வெறும் தண்ணீர்தானே என்று நினைப்போம். அங்கே இருப்பது தண்ணீரும் அது பெட்ரோலிலிருந்து இழுத்துக்கொண்ட எத்தனாலும். மேலே மிஞ்சுவது தரம் இறங்கிய பெட்ரோல். அதனால் மழையில் மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்காதீர்கள். முதலில் டாங்கை வடியுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் லாபமா அண்ணா? – இல்லத்தரசி, பெரம்பூர்

எனக்குப் பிடித்த கேள்வி இது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் ஆற்றல் இருக்கிறது. கேஸ் அடுப்பில் அதில் 60, 65 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சமையலறையைச் சூடாக்கும். மே மாதத்தில் உங்களுக்கே தெரியும். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். ஆக, ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்ய சுமார் 135 யூனிட் போதும். சிலிண்டர் விலையை 135 ஆல் வகுத்துப் பாருங்கள். 900 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு ஆறே முக்கால் ரூபாய் அளவு வரும். உங்கள் மின்கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.சி. ஓடும் வீட்டில் கோடையில் கேஸ், மற்ற மாதங்களில் இண்டக்‌ஷன் என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். சாதாரண பிளக்கில் மாட்டாதீர்கள், 16 ஆம்பியர் வேண்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டவேண்டும். இரும்பு தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் சரி. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு? நடக்காது. என் மனைவி அதற்காகவே கேஸ் இணைப்பை விடமாட்டேன் என்கிறார்.

சிலிண்டரைக் குறைப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. நாட்டின் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அங்கே கப்பல் நின்றால் பெரம்பூரில் அடுப்பு நிற்கும்.

தண்ணீரில் ஓடும் வண்டி வந்துவிட்டதாக வீடியோ பார்த்தேன். உண்மையா? – பத்தாம் வகுப்பு மாணவி, வில்லிவாக்கம்

இல்லை அம்மா. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், ஒரு வகையில் சாம்பல். சாம்பலை மறுபடி எரிக்க முடியாது. மின்சாரம் செலுத்தித் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம். ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். எடுத்த ஹைட்ரஜனில் இருப்பது 33 யூனிட். அதை வண்டியில் மறுபடி மின்சாரமாக்கினால் 16, 17 தேறும். உரத் தொழிற்சாலைக்கும் எஃகு ஆலைக்கும் ஹைட்ரஜன் பொருந்தும், ஸ்கூட்டருக்குத் தேவையில்லை.

மின்சார வண்டிதான் மாற்று என்கிறார்கள், அந்த மின்சாரம் எங்கள் அத்திப்பட்டில் நிலக்கரி எரித்துத்தானே வருகிறது? – எண்ணூர் வாசகர்

உண்மை. நகரத்தில் புகை குறைந்தால் உங்கள் பக்கம் சாம்பல் கூடுகிறது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலை நானும் பார்த்திருக்கிறேன், இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. ஆனால் எண்ணெய்ச் செலவு என்ற அளவில் கணக்கு தெளிவு. பெட்ரோல் எஞ்சின், எண்ணெயில் உள்ள ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது. மின்சார ஸ்கூட்டர் மூன்று யூனிட்டில் 80, 90 கிலோமீட்டர் ஓடும். மேலும் நிலக்கரியின் இடத்தில் நாளை காற்றாலை வரலாம். பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றாலையைச் சொருக முடியாது.

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1895 இல் இங்கே மின்சார டிராம் ஓடியது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931 இல் வந்தது. டிராமை 1953 இல் நிறுத்திவிட்டோம்.

முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் இருந்தும் ஏன் பற்றாக்குறை? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திரு.வி.க. நகர்

காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக வீசும் சார். சூரியன் மாலை ஆறு மணிக்குப் போய்விடும். நாம் ஏழு மணிக்குத்தான் எல்லா விளக்கையும் போடுகிறோம். சேமிக்கும் வழி வேண்டும். நீலகிரியில் குந்தாவில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 500 மெகாவாட் திட்டம் அதற்குத்தான்.

எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் சோலார் போடலாமா? – சங்கச் செயலாளர், பெரியார் நகர்

போடலாம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி வேண்டும், தினம் நான்கு யூனிட் கிடைக்கும். லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்காக என்றால் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் சங்கத்துக்கே கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடம் பாருங்கள். ஒரு பலகையில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்சாரம் குறைந்துவிடும். காக்கை எச்சமும் நிழல்தான்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எந்த வண்டி ஓட்டுகிறீர்கள்? – பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

மிக்ஜாமில் மூழ்கிய அதே பெட்ரோல் ஸ்கூட்டர். மின்சார வண்டி வாங்கப் பணம் எடுத்து வைத்து ஒரு வருடம் ஆகிறது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை. சங்கக் கூட்டத்தில் மூன்று முறை பேசிவிட்டேன். யார் மீட்டரில் இணைப்பது என்ற இடம் வருவதற்குள் டீ வந்துவிடுகிறது.