பாலிஷ் போட்ட ஜப்பானிய வாளைத் துடைக்க எந்தத் துணி நல்லது? அந்தத் துணியை எப்படித் துவைப்பது?

கேள்வியில் 'பாலிஷ் போட்ட வாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் இருப்பது ஹாலில் மாட்டுவதற்கு ஆன்லைனில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் வாள் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அதுதான் என்றால் பழைய பனியன் துணியே போதும், மேலே படிக்க வேண்டாம். உண்மையான நிஹோன்தோ, அதாவது அசல் ஜப்பானிய வாள், கைக்கு வந்திருக்கிறது, கூடவே ஒரு பெட்டியில் குச்சி முனையில் கட்டிய பொடி மூட்டை, குட்டி எண்ணெய்ப் புட்டி, நாலு தாள் காகிதம், யூடியூபில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள், தொடவே பயமாக இருக்கிறது. இதுதானே நிலைமை?

நான் வாள் நிபுணன் இல்லை. டோக்கியோவில் நிஷி கசாயில் ஒன்பது வருஷம் குடியிருந்த மென்பொருள்காரன், அவ்வளவுதான். நான் துடைத்த வாளும் என்னுடையது இல்லை, வீட்டுச் சொந்தக்காரருடையது. ஆனாலும் துணி விஷயத்தில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இந்த விஷயத்தில் செய்யக்கூடாததைச் செய்தவன் நான்.

அவரை ஓயாசான் என்றுதான் கூப்பிடுவேன், வீட்டுக்காரர் என்று அர்த்தம். எண்பது தாண்டியவர், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். அவர் வீடு கொடுப்பதற்கு முன் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு வீடுகள். கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, ஜாமீன் நிறுவனத்துக்குக் கட்டணம் எல்லாம் தயார். புரோக்கர் பெண் போனை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து, 'மன்னிக்கவும், வெளிநாட்டவர் என்றால் கொஞ்சம்...' என்று இழுப்பாள். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குப் பிறகு வாக்கியமே வராது. ஒரு வீட்டில் கறிமசாலா வாசனை சுவரில் ஏறிவிடும் என்றார்கள். இவ்வளவுக்கும் மேலே ரெய்கின் என்று ஒன்று, வீடு கொடுத்ததற்கு நன்றியாக வீட்டுக்காரருக்கு நாம் தரும் பணம், திரும்பி வராது. வாடகை கொடுக்கிறவன் எதற்கய்யா நன்றியும் சொல்ல வேண்டும்? சரி, விடுங்கள். இவர் ரெய்கின் வாங்கவில்லை. மாடி ஏறிவந்து எங்கள் வீட்டு ரசத்தை முகர்ந்து பார்த்து 'மருந்துக் கடை மாதிரி நன்றாக இருக்கிறது' என்றவர்.

அவரிடம் ஒரு வாகிஸாஷி, அதாவது குட்டை வாள், இருந்தது. ஒரு ஷாகு ஐந்து சுன், நம் கணக்கில் 45 செ.மீ. சொச்சம். மாமனார் வழியில் வந்தது. நகாகோவில், அதாவது பிடிக்குள் போகும் அடிப்பகுதியில், கொல்லர் பெயர் கிடையாது. ஓய்வு பெற்ற பணத்தில் தோகிஷியிடம் கொடுத்துப் புதிதாக மெருகேற்றி வைத்திருந்தார். தோகிஷியைச் சாணைக்காரர் என்று மொழிபெயர்த்து என் அப்பாவிடம் போனில் சொன்னேன்; 'அதுக்கா இத்தனை ரூபாய்?' என்றார். கூலி சுன் கணக்கு, ஒரு சுன் என்றால் 3 செ.மீ. கல் மாற்றிக் கல் மாற்றி, கடைசியில் விரல் நுனியில் மெல்லிய கல் செதிலை வைத்துத் தேய்த்து முடிக்கிற வேலை அது. ஒவ்வொரு தடவை மெருகேற்றும்போதும் எஃகு கொஞ்சம் போய்விடும், போனது திரும்பாது. ஆகவே ஒரு கீறல் விழுந்தால் 'மறுபடி பாலிஷ் போட்டுக்கலாம்' என்று நினைக்க முடியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை. மூங்கில் ஆணியைத் தட்டி எடுப்பது, பிடியைக் கழற்றுவது, ஹபாகி என்னும் கழுத்துப் பட்டையை உருவுவது எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். வாள் உறைக்கு வெளியே இருக்கும்வரை பேச்சு கிடையாது. எச்சில் துளி தெறித்தால் அங்கே துரு. பழைய எண்ணெயை நுகுயிகாமி என்ற காகிதத்தால் எடுப்பது, உச்சிகோ பொடியை லேசாகத் தட்டுவது, வேறு காகிதத்தால் அந்தப் பொடியைத் துடைப்பது, பார்ப்பது, புது எண்ணெய் பூசுவது. இதுதான் அவர் முறை.

நான் இணையத்தில் படித்தவன் அல்லவா? உச்சிகோ என்பது மெருகுக் கல்லையே இழைத்த பொடி, எவ்வளவு நைஸாக இருந்தாலும் அரைக்கத்தான் செய்யும், வருஷக்கணக்கில் தட்டினால் மெருகு மங்கும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நீர் கலக்காத எத்தனாலும் மைக்ரோஃபைபர் துணியும் போதும் என்பார்கள் அவர்கள். இந்தக் கட்சி தப்பு என்று இன்றும் நான் சொல்லவில்லை. ஓயாசானிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு 'சரி, உன் கை, உன் துணி' என்றார். மருந்துக் கடையில் மூசுயி எத்தனால் என்று கேட்டால் 500 மில்லி புட்டி தருவார்கள். 2020 வசந்தத்தில் கொரோனாவால் அது கடைகளிலிருந்து மாயமானது, பிறகு திரும்ப வந்தது. ஒன்றரை வருஷம் என் முறையில்தான் ஓடியது. ஹாமோன், அந்தக் கூர்ப் பக்கத்து மேகக் கோடு, பல்பு வெளிச்சத்தில் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தலைகனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2023 ஏப்ரல். துணியைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனேன். வழக்கம்போல ஹபாகிப் பக்கமிருந்து முனைவரை, முதுகுப் பக்கம் விரல் இருக்கும்படி துணியை மடித்துப் பிடித்து, ஒரே திசையில் மூன்று இழுப்பு. ஓயாசான் வாளை வாங்கி பல்புக்குக் கீழே சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. பாதி நீளத்துக்கு, சிலந்தி இழை மாதிரி, பக்கம் பக்கமாகக் கோடுகள். 'ஹிகே' என்றார். துடைக்கும்போது விழும் மயிரிழைக் கீறலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எண்ணெய் பூசினார், உறையில் போட்டார், டீ கொண்டுவந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலே ஓடிவந்து விசாரித்ததில் மனைவி அந்தத் துவைப்பில் சாஃப்ட்னர் ஊற்றியிருந்தது தெரிந்தது. 'ஏங்க, எல்லாத் துணிக்கும் ஊத்துறதுதானே?' என்றாள். கீழே இறங்கி, 'சாஃப்ட்னர் போட்டுவிட்டாள், அதனால்தான்' என்று ஓயாசானிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த தடவை அவர் பழைய காகிதக் கட்டையே எடுத்து வைத்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பல மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சாஃப்ட்னர் படலம் விடும். படலம் மங்கலாக்கும், கோடு போடாது. கோடு போட வேண்டுமானால் எஃகைவிடக் கடினமான துகள் வேண்டும். அந்த ஏப்ரலில் சீனா, மங்கோலியா பாலைவனங்களிலிருந்து கோஸா என்னும் மஞ்சள் தூசி ஜப்பான் முழுக்க வந்து இறங்கியது. ஜப்பான் வந்து சேரும்போது அந்தத் துகள் சுமார் 4 மைக்ரான், அதில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, வாளின் உடலெஃகு அதைவிட மென்மை. எங்கள் எதிரில் பள்ளி மைதானம் வேறு, அதுவும் வெறும் மண். அந்தத் துணியை இரண்டு நாள் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டது யார்? நான்தான். அன்று காலை கார் கூரைகளெல்லாம் மஞ்சள் பூத்திருந்ததைப் பார்த்து 'மகரந்தம்' என்று சொன்னவனும் நான்தான். மைக்ரோஃபைபர் தூசியைக் கவ்விப் பிடிக்கும், அதற்காகத்தானே அதை வாங்குகிறோம்? கம்பியிலும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

உறைக்குள் மண் இருந்தாலும் இதே மாதிரி கோடு விழும், துணிதான் என்று எப்படிச் சொல்வாய் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். உண்மைதான், விழும். ஆனால் உருவியவுடன் நாங்கள் இருவரும் பார்த்தோம், அப்போது கோடு இல்லை. 'உலகத்துக்கே உருக்கு கொடுத்தவன் தமிழன், ஜப்பான்காரன் வாளைத் துடைக்கிறாயா' என்று வழக்கமாக வருபவர்களுக்கும் ஒரு வணக்கம். தஞ்சை ஆயுதசாலை வாள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. காகிதம் கிடைக்கிறதென்றால் காகிதம். கசக்கிக் கசக்கி மிருதுவாக்கி உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். அழுக்கானால் எறிந்துவிடலாம், துவைக்கும் தலைவலியே இல்லை என்பதுதான் அதன் பெரிய நன்மை. துணிதான் வேண்டுமென்றால் நன்றாகத் துவைத்துப் பழகிய காட்டன் ஃப்ளானல், இல்லாவிட்டால் கண்ணாடி துடைக்கக் கொடுப்பார்களே, அந்த வழவழப்பான நெசவு மைக்ரோஃபைபர். கார் துடைக்கிற, சுருள் சுருளாக முடி நிற்கும் ரகம் வேண்டாம், மண் உள்ளே போனால் வெளியே வராது. தைத்த ஓரத்தையும் லேபிளையும் வெட்டி எறியுங்கள். அப்பாவின் பழைய வேட்டி நல்ல துணிதான், ஆனால் ஜரிகை இல்லாத நடுப்பகுதியாக இருக்க வேண்டும், கஞ்சியும் நீலமும் அறவே போயிருக்க வேண்டும். பழைய பொடி நீலம் தண்ணீரில் கரையாத துகள், நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். லோஷன் போட்ட டிஷ்யூவும் ஆகாது. அதில் உள்ள கிளிசரின் ஈரத்தை இழுக்கும்.

புதுத் துணியில் ஆலைப் பசை இருக்கும், அதனால் முதலில் மூன்று நான்கு முறை துவைக்க வேண்டும். கையால், தனி வாளியில். வீட்டு மெஷினில் ஜீன்ஸ், டவலோடு போட்டால் அவற்றின் பஞ்சும் பையிலிருந்த மண்ணும் இதில் ஏறும். வாசனையில்லாத திரவ சோப்பு சில சொட்டு போதும். சாஃப்ட்னர், பிளீச் இரண்டும் கூடாது. பிளீச்சில் இருக்கும் குளோரின் எஃகுக்கு எமன். சோப்பு போட்டதைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். டோக்கியோக் குழாய் நீர் மென்னீர், அங்கே கவலையில்லை. நீங்கள் சென்னையில் போர்வெல் தண்ணீர்க்காரர் என்றால் கடைசி இரண்டு அலசலையாவது ஆர்ஓ நீரில் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் உப்பு துணியிலேயே இருக்கும்.

காயவைப்பது வீட்டுக்குள்ளே. ஜன்னல் சாத்திய அறையில், ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல். மைக்ரோஃபைபரை அயர்ன் செய்யாதீர்கள், இழை உருகும். எலும்புவரை காய்ந்தபின் ஜிப் பையில் போட்டு மூடுங்கள். பயன்படுத்தும் முன் ஒரு பரீட்சை: பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் துணியை அழுத்தி நாலு இழுப்பு இழுத்து, பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிடி பிளாஸ்டிக் எஃகைவிட எத்தனையோ மடங்கு மென்மை. அதில் புதுக் கோடு விழவில்லை என்றால் துணி தேறியது. நான் இதை ஏப்ரலுக்கு அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

எண்ணெய் எடுக்க ஒரு துணி, எண்ணெய் பூச வேறு துணி. பூசுகிற துணியைத் துவைக்கவே வேண்டாம், டப்பாவில் வைத்திருந்து கறுத்தால் தூக்கிப் போடுங்கள். வாளுக்குப் பூசும் சோஜி எண்ணெய் கிராம்பு வாசனை அடிக்கிறதே என்று பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலத்தைப் பூசிவிடாதீர்கள். சோஜி என்று விற்பதில் பெரும்பங்கு மினரல் எண்ணெய், கிராம்பு பெயருக்குத்தான். நகாகோவில் இருக்கும் துருவைத் தொடவே கூடாது, வாளின் வயதைப் பார்ப்பவர்கள் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை உறைக்கு மேலே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. துணி தரையில் விழுந்தால், ஒரே ஒரு முறை விழுந்தாலும், அது இனி சைக்கிள் துடைக்கிற துணி.

ஓயாசான் அந்தக் கோடுகளுக்காக வாளை மெருகுக்குக் கொடுக்கவில்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு கடைசியாகத் துடைத்தபோதும் அவை அங்கேயேதான் இருந்தன. பால்கனி விஷயத்தை அன்று அவரிடம் சொல்லிவிட்டேன். 'தெரியும், அன்றைக்கு என் காரையும் கழுவ வேண்டியிருந்தது' என்றார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு இந்தத் தளத்தில் கணக்கு இல்லை.