மலத்தில் எண்ணெய் மிதப்பது ஏன்?

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வயது 52. சில மாதங்களாக மலம் வெளிறி, கடும் நாற்றத்துடன் வருகிறது. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. வயிறார உண்டும், கைலி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். எண்ணெய் மிதக்கும் பர்மியக் குழம்புதான் காரணமா?
– வாசகி, யாங்கூன்

பதில்: அம்மா, குழம்பின்மேல் பழி போட வேண்டாம். நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு உண்டாலும், நலமான குடல் 7 கிராமுக்கு மேல் மலத்தில் விடுவதில்லை. கணையம் சுரக்கும் லைபேஸ் கொழுப்பை உடைக்க, பித்தநீர் அதைக் கரைக்க, சிறுகுடலின் உட்சுவர் உறிஞ்சுகிறது. இம்மூன்றில் எது பழுதானாலும் நீங்கள் எழுதியது போலவே ஆகும். கணையத்தின் சுரக்கும் திறனில் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்த பிறகே இந்த அறிகுறி தெரியும் என்பதால், இதை நான் சிறிதாக எண்ணவில்லை. அவருக்கு மதுப்பழக்கமோ, முதுகுக்குப் பரவும் மேல்வயிற்று வலியோ, புதிதாக வந்த சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணியும், வெப்பநாடுகளில் காணும், சிறுகுடலின் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும் ஸ்ப்ரூ நோயும் காரணமாகலாம். இவை மருந்தால் குணமாகும். மலப் பரிசோதனையுடன், மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் கணைய நொதியின் அளவும், வயிற்று ஸ்கேனும் அவசியம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பித்தக்குழாய் கட்டியால் அடைபட்டிருக்கக்கூடும்.

கணையக் குறைபாடு உறுதியானால் தரப்படும் நொதி மாத்திரையை, வெறும் வயிற்றில் அல்ல, முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். அதுவரை எண்ணெயை அடியோடு நிறுத்தி அவரை மேலும் மெலியவிடாதீர்கள்.