கிடா சேர்க்காமல் எத்தனை மாதம் கறக்கலாம்?

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுப் பாலுக்காகச் சினையாக இருந்த ஜமுனாபாரிக் கலப்பு வெள்ளாடு ஒன்றை வாங்கினார். "ஒரு ஈத்து போதும் சார், மூணு வருசம் நிக்காம கறக்கும், கிடாவே தேவையில்ல" என்று சொல்லி விற்றார் தரகர். ஆடு இரண்டு கிடாக்குட்டி போட்டது. ஐந்தாம் மாதம் குட்டிகளை விற்றுவிட்டார். இப்போது ஈன்று பத்து மாதம். இரண்டாம் மாதத்தில் ஒரு நாளைக்கு 1,900 மில்லி கறந்தது, இன்றைக்கு 1,100 மில்லி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ராத்திரியெல்லாம் கத்துகிறது. சினைக்கு விடாமல் கறந்தால் பால் உடம்புக்கு ஆகாது என்கிறார்கள் பக்கத்து வீட்டார். அதே தரகர் போன வாரம் வந்து, "மடி வத்தப் போவுது, மூணுல ஒரு பங்கு விலைக்குக் குடுத்துடுங்க, வேற நல்லதாப் புடிச்சுத் தாரேன்" என்றாராம். தொடர்ந்து கறக்கலாமா, அது ஆட்டுக்குச் செய்கிற பாவமா என்பது அவர் கேள்வி.

கறக்கலாம் ஐயா. பாவமும் இல்லை. ஆட்டை மட்டும் அந்த ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பால் ஊறுவதைத் தொடங்கி வைப்பது குட்டி போடுவது. அதற்கப்புறம் நடத்திக்கொண்டு போவது உங்கள் கை. மடியில் பால் தேங்கிக் கிடந்தால் "போதும், இனி ஊற வேண்டாம்" என்று மடிக்குச் சேதி போகிறது. காலையும் மாலையும் முழுக்கக் கறந்து எடுத்தால் அந்தச் சேதி போவதில்லை. ஆனாலும் பால் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் இருக்கும். ஈன்ற ஆறாவது எட்டாவது வாரத்தில் உச்சம், அப்புறம் இறக்கம். அந்த இறக்கம் படிக்கட்டா, சரிவா, கிணறா என்பது ஆட்டின் பரம்பரையைப் பொறுத்தது.

நம்ம ஊர் கொடி ஆடும் கன்னி ஆடும் சேலம் கருப்பும் கறிக்காக வளர்ந்தவை. குட்டிக்குப் போக மிச்சம் கிடைத்தாலே பெரிது, நாலைந்து மாதத்தில் வற்றிவிடும். தலைச்சேரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஜமுனாபாரி உத்தரப்பிரதேசத்து எடாவா பக்கத்து ஆடு, பீட்டல் பஞ்சாப் ஆடு. இரண்டுக்கும் பால் குணம் உண்டு. இரண்டு வருஷம், அதற்கு மேலும் விடாமல் கறக்கிற ஆடு என்று உலகத்தில் பேர் வாங்கியது சுவிட்சர்லாந்துச் சானன். நெதர்லாந்தில் பல பெரிய பண்ணைகளில் சானன் ஆடுகளை வருஷக்கணக்கில் கிடா சேர்க்காமல் கறக்கிறார்கள். கிடாக்குட்டிக்கு அங்கே விலை கிடையாது, வளர்ப்பதே நஷ்டம். 2007 முதல் 2010 வரை அங்கே ஆட்டிடமிருந்து மனிதனுக்கு வரும் க்யூ காய்ச்சல் பரவியது. அந்தக் கிருமி பிரசவ நீரிலும் நஞ்சுக்கொடியிலும்தான் மண்டிக் கிடக்கும். கிருமி கண்ட பண்ணைகளில் சினை ஆடுகளைக் கூண்டோடு அழிக்க வேண்டி வந்தது. குட்டி போடுவதை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று அவர்கள் யோசிப்பதில் ஆச்சரியமில்லை. தரகர் போனில் பார்த்த வீடியோ அந்தச் சானன் கதையாக இருக்கும். அதை உங்கள் ஜமுனாபாரிக் கலப்பின் கழுத்தில் கட்டிவிட்டார்.

உங்கள் ஆடு அந்த ரகமில்லைதான், ஆனால் மோசமான ஆடும் இல்லை. நீங்களே எழுதி அனுப்பிய கணக்கைப் பாருங்கள். எட்டு மாதத்தில் 800 மில்லி இறங்கியிருக்கிறது, மாதத்துக்கு 100. இதே இறக்கம் நீடித்தால் இன்னும் ஆறு மாதத்தில் அரை லிட்டரைத் தொடும். அதற்குக் கீழே போனால் தீவனமும் உங்கள் முழங்கால் வலியும் கட்டுப்படியாகாது. ஆக, தரகர் சொன்ன மூன்று வருஷம் பொய். அதே தரகர் இப்போது சொல்கிற "வத்தப் போவுது" அதைவிடப் பெரிய பொய். பத்தாம் மாதத்தில் ஒரு லிட்டருக்கு மேல் கறக்கிற ஆடு சந்தையில் லேசில் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் வீடு தேடி வருகிறார்.

இந்த வியாபாரத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். வாங்கியவரைப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்குவது, அடுத்த ஊரில் "ரெண்டு லிட்டர்" என்று விற்பது. சந்தைக்கு முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பானையாக்குவார்கள், ஒழுகாமல் இருக்கக் காம்பில் பசை தடவுவார்கள். வேறு ஆட்டின் குட்டியைப் பக்கத்தில் கட்டிவைப்பார்கள். அதனால் முதல் கறவையைக் கணக்கில் எடுக்காதீர்கள். உங்கள் முன்னால் சாயங்காலம் ஒட்டக் கறந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் அதே நேரத்துக்குள் கிடைப்பதை அளக்கச் சொல்லுங்கள். "ரெண்டு வருசமா விடாம கறக்குது" என்று யாராவது சொன்னால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். இரண்டு நிலைப்பல் என்றால் ஆட்டுக்கு ஒன்றேகால் ஒன்றரை வயது. அது இரண்டு வருஷமாக எப்படிக் கறக்கும்? தாய் வயிற்றிலிருந்தா?

அடுத்த வலை ஊசி. பால் குறைகிறது என்று சொன்னதும் ஆக்சிடோசின் குப்பியை நீட்ட ஆள் வருவான். அந்த மருந்து பாலை உண்டாக்காது. மடியில் ஏற்கெனவே ஊறியதை இறக்கிவிடும், அவ்வளவுதான். பழக்கினால் ஊசி இல்லாமல் ஆடு பாலே விடாது. பால் கூட்டுவதற்காகப் பிராணியின் உடம்புக்குக் கேடான ஊசி போடுவது 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இருக்கிறது, குப்பியும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

பக்கத்து வீட்டாரின் கவலைக்கு வருகிறேன். கறவை நீள நீளப் பால் கெட்டியாகும், கொழுப்பு ஏறும், லேசாக உப்புக் கரிக்கும். அது விஷமில்லை. காய்ச்சிக் குடியுங்கள். ஆனால் மடி நோய் வந்தாலும் உப்புக் கரிக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் மடி நோய்ச் சோதனைத் திரவத்தைக் கலந்து பார்த்து, "கூழாகிவிட்டது, மடி நோய்" என்று ஆன்டிபயாடிக் ஏற்றுகிறவர்கள் உண்டு. மாட்டுக்கு அந்தக் கணக்கு சரி. ஆட்டுப் பாலில் இயல்பாகவே செல்கள் அதிகம், கறவையின் கடைசிப் பகுதியில் இன்னும் அதிகம், நல்ல மடியும் கூழ் காட்டும். அதனால் இரண்டு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகி, மடியும் சூடாகவோ கல்லாகவோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இனி அந்தக் கத்தல். அதைத் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதி. வெள்ளாட்டுக்குப் பருவச் சுற்று சுமார் 21 நாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள், ஒன்றரை நாள் கத்தும், வாலை ஆட்டும், அன்றைக்குப் பாலும் கொஞ்சம் குறையும். தவறாமல் கத்துகிறது என்றால் சினையில்லை என்று அர்த்தம். இது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் கிடாக்குட்டிகளை ஐந்து மாதம் வரை தாயோடு விட்டிருக்கிறீர்கள். மூன்றரை நாலு மாதக் கிடாக்குட்டி தன் தாயையே சினையாக்கிவிடும். இனி குட்டி பிறந்தால் மூன்று மாதத்தில் பிரித்துவிடுங்கள்.

கத்தல் திடீரென்று நின்றால்தான் யோசிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிடா சேர்க்காமல் நெடுநாள் கறக்கும் ஆட்டுக்கு வரும் வம்பு இது, முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. பேர் பொய்ச்சினை. கிடா பக்கத்தில் வராமலே ஆட்டின் உடம்பு "சினையாகிவிட்டேன்" என்று நம்பிவிடும். சூலகத்தில் ஒவ்வொரு பருவச் சுற்றிலும் கரைய வேண்டிய ஒரு கட்டி கரையாமல் நின்று, சினைக்கால ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கருப்பைக்குள் குட்டி இருக்காது, தண்ணீர் சேரும். பருவம் நிற்கும், பால் படிப்படியாக இல்லாமல் சட்டென்று இறங்கும், வயிறு பெருக்கும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், எப்படிச் சினையானது என்று ஆச்சரியமும் படுவார்கள். ஒரு நாள் காலையில் கொட்டகை முழுக்கத் தண்ணீர், வால் நனைந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், குட்டியும் இல்லை நஞ்சும் இல்லை. "குட்டியை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று என்னிடமே அழுத பாட்டி ஒருவர் உண்டு.

தானாகக் கொட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். வெறும் தண்ணீர் தெரியும், குட்டியோ அதை ஒட்டிய நஞ்சு மொட்டுகளோ தெரியாது. புராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் தண்ணீர் வெளியேறும். பல ஆட்டுக்கு இரண்டாவது ஊசியும் தேவைப்படும். ஆனால் ஸ்கேன் இல்லாமல் போடக் கூடாது, நிஜச் சினையாக இருந்தால் கலைந்துவிடும். அந்த மருந்தை வீட்டில் கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரர்களும் தொடவே கூடாது. ஒரு தடவை வந்த ஆட்டுக்கு மறுபடியும் வரலாம். அப்படி வந்தால் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அடுத்த பருவத்திலேயே கிடா சேர்த்துவிடுங்கள். தினசரிக் காலண்டரில் கத்திய நாளை வட்டம் போட்டு வாருங்கள். 25 நாளாகியும் சத்தம் இல்லையென்றால் ஸ்கேன் இருக்கிற கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிப்போங்கள்.

ஸ்கேன் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் இருக்காது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். ஸ்கேனுக்கு அவர்களே எங்கே போகச் சொல்கிறார்களோ அங்கே போக வேண்டும். ஆட்டுக்குப் பால் உண்டு என்பதே எங்கள் கால்நடைத் துறைக்கு அடிக்கடி மறந்துபோகிறது. துண்டுப் பிரசுரத்தை எடுத்தால் "இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து" என்று இருக்கும். கறிக் கணக்கு அது. பால் சங்கம் பசும்பாலும் எருமைப் பாலும் எடுக்கும், ஆட்டுப் பாலைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். சினை ஊசிக்கான விந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் குடுவையைத் திறந்தால் ஜெர்சி மாட்டுடையது இருக்கும், முர்ரா எருமையுடையது இருக்கும், நல்ல பால் வம்சத்து ஆட்டுக் கிடா விந்துக் குச்சி கேட்டால் "அடுத்த மாசம் வாங்க". அந்த அடுத்த மாசத்துக்காக நான் பணியில் இருந்த காலமெல்லாம் காத்திருந்தேன்.

தீவனத்தில் ஒரே எச்சரிக்கை. பால் குறையும்போது அடர்தீவனத்தையும் குறைக்க வேண்டும். லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் என்று வைத்துக்கொண்டு, அகத்தி, வேலிமசால், தாது உப்பு எல்லாம் வழக்கம் போலக் கொடுங்கள். பாசத்தில் பழைய அளவே போட்டால் கொழுப்பு வைக்கும். ஆட்டுக்குக் கொழுப்பு முதுகில் தெரியாது, வயிற்றுக்குள் போய் உட்காரும். முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், பஞ்சு போல மெத்தென்று பிடிபட்டால் அதிகம். அப்படிக் கொழுத்த ஆட்டைப் பிறகு சினையாக்கினால் கடைசி மாதத்தில் தீனி எடுக்காமல் படுத்துவிடும், எழுப்புவது கஷ்டம்.

வாரத்தில் ஒரு நாள் இருவேளைப் பாலையும் அளந்து எழுதுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் அரை லிட்டருக்குக் கீழே வந்தால் அடுத்த கத்தலில் கிடா சேருங்கள். சினைக்காலம் ஐந்து மாதம். அதில் முதல் மூன்று மாதம் கறக்கலாம், கடைசி இரண்டு மாதம் கட்டாயம் வற்ற விட வேண்டும். கிடாவுக்கு அந்தத் தரகரைக் கூப்பிடாதீர்கள், ஊர் ஊராகச் சுற்றும் கிடா கருச்சிதைவு நோயையும் சுமந்து வரும். தாய் எவ்வளவு கறந்தது என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டுக் கிடாவாகத் தேடுங்கள். ஆறு மாதம் கையில் இருக்கிறது, இப்போதே விசாரிக்க ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.