2016 அக்டோபர் 20-க்கு முன்பா, பின்பா? மனை வரன்முறை கேள்வி-பதில்

2012-ல் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தைக் காட்டி மனை விற்றார்கள். இப்போது வீடு கட்டப் போனால் 'அங்கீகாரமற்ற மனை' என்கிறார்கள். என்ன செய்வது?

தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகர் எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வேண்டும். இது தெரியாமல் வாங்கியவர்கள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அப்புறம் வந்தவைதான், அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் 2017 வரன்முறை விதிகள். 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ கிரையம் பதிவாகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்கள் பத்திரம் 2012 என்பதால் தேதிப் பிரச்சினை இல்லை.

முதலில் மொத்த மனைப்பிரிவுக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மனைக்காரர் யாராவது வரன்முறை ஆணை வாங்கியிருந்தால் அவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஒப்புதல் ஆகியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடைசித் தேதியைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். இப்போதைய நிலையை விசாரித்துவிட்டு, தள்ளிப்போடாமல் விண்ணப்பியுங்கள்.

வரன்முறை செய்யாமலே விற்க முடியுமா?

அங்கீகாரமற்ற மனைகளைப் பதியத் தடுக்கும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் ஒரு விலக்கு உண்டு: அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதியலாம். 'அதே மனை' என்பது முக்கியம். இரண்டாகப் பிரித்து விற்க இது உதவாது. தவிர, வாங்குகிறவர் கட்டட அனுமதிக்குப் போனால் உங்களுக்கு வந்த அதே சிக்கல் அவருக்கும் வரும். விலையைக் குறைத்துக் கேட்பார், நியாயம்தான்.

மனையின் பின்பகுதி புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறது. கட்டணம் கூடுதலாகக் கட்டினால் முடியுமா?

முடியாது. நீர்நிலைக்கு எவ்வளவு கட்டினாலும் வரன்முறை இல்லை.

அப்பாவின் 30 சென்டை 2019-ல் மூன்று பேரும் பாகம் பிரித்துப் பட்டா உட்பிரிவும் செய்துவிட்டோம். என் பங்கை மனையாக விற்கலாமா?

பட்டா உட்பிரிவு வருவாய்த் துறை வேலை. நிலம் யார் பெயரில் என்பதைத்தான் அது சொல்லும். அதனால் மனை அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. 2019 என்பதால் வரன்முறையும் கிடைக்காது, முறையான மனை உட்பிரிவு அனுமதிதான் வழி. ஒரு நல்ல செய்தி: 3,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 74 சென்ட் வரை, பூங்கா போன்றவற்றுக்கு 10 சதவீதப் பொது ஒதுக்கீட்டு இடம் விடத் தேவையில்லை. நிலம் விவசாய மண்டலத்தில் இருந்தால் முதலில் நில உபயோகத்தை மாற்ற வேண்டும்.

உங்கள் பங்கு உள்ளே தள்ளி இருக்கிறதா? அப்படியென்றால் அண்ணன் தம்பிகளிடம் பாதைக்கு இடம் இப்போதே எழுதி வாங்குங்கள். பாதை இல்லாத மனைக்கு அனுமதி கேட்டுப் பயனில்லை.