மேஜை மேல் மேற்குத் தொடர்ச்சி மலை

கே: ஆயுத பூஜைக்கு ஆபீஸையே ஒட்டடை அடித்தோம். பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் தன் மேஜையைத் தொட விடவில்லை. "குப்பை மாதிரி தெரியும், ஆனா எது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

ப: முக்கால்வாசி நம்பலாம். எடுத்த பைலைப் பார்த்துவிட்டுக் குவியலின் தலையிலேயே வைக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அவர் சோம்பேறித்தனத்தால் செய்வதைத்தான் நோகுச்சி யுகியோ என்ற ஜப்பானியப் பொருளாதாரப் பேராசிரியர் 1993இல் ஒரு முறையாகவே எழுதி வைத்தார். காகிதங்களைப் பெரிய கவர்களில் போட்டு அலமாரியில் நிற்க வை, எதை எடுத்தாலும் திரும்ப இடது ஓரத்திலேயே செருகு, தலைப்பு வாரியாகப் பிரிக்காதே, அவ்வளவுதான். அடிக்கடி கை படுவது இடப்பக்கமே நிற்கும், யாரும் தொடாதது தானாக வலது கோடிக்குத் தள்ளப்படும், அங்கிருந்து வேண்டாததைக் கழித்துக்கட்டலாம். அந்த அலமாரியை அப்படியே படுக்கப் போட்டால் உங்கள் பக்கத்து சீட்டு.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஸ்லீட்டர், டார்ஜான் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1985இல் நிரூபித்தது: எடுத்ததை முன்னால் வைக்கும் பழக்கம் உள்ளவர் தேடுவதற்குச் செலவிடும் உழைப்பு, அடுத்தடுத்து எது தேவைப்படும் என்று ஜோசியம் தெரிந்து அடுக்குகிற ஆளின் உழைப்பைவிட எவ்வளவு மோசமாகப் போனாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கைத் தாண்டாது. ஆபீஸில் ஜோசியம் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் இது நல்ல மார்க்தான்.

மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். இந்தக் கணக்கு பைலுக்குத்தான், ஸ்டேப்ளருக்கு இல்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு மலைவாசி இருந்தார், போன வருஷத்து சர்க்குலரைப் பார்க்காமலேயே கையை விட்டு உருவுவார், அசந்து போவோம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேப்ளர் காணோம் என்று இன்டென்ட் போடுவார். ஒரு ஆயுத பூஜைக்கு அவர் லீவில் இருந்த நேரம் பார்த்து மலையை இறக்கினோம். ஏழு ஸ்டேப்ளர், ஒரு பஞ்சிங் மெஷின், பாதி சாப்பிட்ட கடலை மிட்டாய் (எறும்புகள் மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தன). ஏழுக்கும் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தோம். அப்புறம் அவர் வந்து ஒரு மாதம் எந்தப் பைலையும் கண்டுபிடிக்க முடியாமல் எங்கள் எல்லோரையும் திட்டினார், அதுவும் நியாயம்தான். ஆகவே, அவர் இல்லாத நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கே: ஐன்ஸ்டீனின் மேஜைப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 'கலைந்த மேஜை கலைந்த மூளையின் அடையாளம் என்றால், காலி மேஜை எதன் அடையாளம்?' என்று அவரே கேட்டாராமே? மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்யலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

ப: படம் நிஜம். 1955 ஏப்ரல் 18 அன்று பிரின்ஸ்டனில் அவர் இறந்த சில மணி நேரத்தில் லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ரால்ஃப் மோர்ஸ் எடுத்தது. வசனத்துக்குத்தான் உருப்படியான ஆதாரம் கிடையாது. அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: 1905இல் சிறப்புச் சார்பியலை எழுதியபோது அவரும் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் நம்மைப் போல ஒரு ஊழியர்தான். 'சரி, உங்கள் குவியலில் என்ன இருக்கிறது?' என்று மேனேஜர் திருப்பிக் கேட்டால், பிப்ரவரி மாத அரியர் பில்லைத் தவிர வேறு ஏதாவது காட்ட வேண்டும்.

கே: மேஜையைச் சுத்தம் செய்யாததால்தானே பெனிசிலின் கிடைத்தது?
- ஒரு வாசகர், மதுரை

ப: ஆமாம், 1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து வந்தபோது, கிருமி வளர்த்துக் கழுவாமல் விட்டுப்போன ஆய்வுக்கூடத் தட்டு ஒன்றில் பூஞ்சை பூத்திருந்தது, அதைச் சுற்றிக் கிருமி இல்லை. ஆனால் அவர் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நீங்கள் டிராயரில் வெள்ளிக்கிழமை வைத்த தயிர்சாத டப்பாவைத் திறக்கவே பயப்படுகிறீர்கள். கழுவுங்கள்.

கே: புது மேனேஜர் '5எஸ்' என்று சொல்லி மேஜை மேல் மஞ்சள் டேப் ஒட்டி, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வட்டம், போனுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறார். தாங்க முடியவில்லை.
- பாதிக்கப்பட்டவன், ஓசூர்

ப: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே: வேண்டாததைக் கழி, மீதியை அடுக்கு, துடை, அதையே ஒரே மாதிரி வைத்திரு, பழக்கமாக்கு, இவைதான் அந்த ஐந்து எஸ். ஜப்பானியத் தொழிற்சாலைச் சமாச்சாரம், அங்கே அது தங்கம். ராத்திரி ஷிஃப்ட்காரர் வைத்த ஸ்பேனரைக் காலை ஷிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும், அதனால் ஸ்பேனருக்குக் கோடு போடுகிறார்கள். உங்கள் பாட்டிலை உங்களைத் தவிர யார் தேடப் போகிறார்கள்? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத சாமானில் சிவப்பு அட்டை கட்டித் தனி மூலையில் வைப்பார்கள், குறித்த தேதி வரை யாரும் கேட்கவில்லை என்றால் வெளியே. முதல் அட்டையை அந்த டேப் ரோலுக்குக் கட்டிவிடலாம்.

கே: டிராயரில் எதற்கென்றே தெரியாத ஆறு சார்ஜர். தூக்கிப் போடவா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

ப: போடுங்கள், ஆனால் குப்பைத்தொட்டியில் வேண்டாம், மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அவர் வண்டி தெருமுனை திரும்பும்போது அதில் ஒன்று எதனுடையது என்று ஞாபகம் வரும்.