மெழுகு உருளையில் பதிந்த குரல்கள்

கேள்வி: ஹங்கேரியின் பியானோ மேதை பேலா பார்டோக் கிராமங்களுக்குச் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டினார் என்று படித்தேன். கச்சேரி மேடையில் இருந்தவருக்கு அந்த நாட்டம் எப்படி வந்தது? எவ்வாறு திரட்டினார்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: 1904-ஆம் ஆண்டு கோடையில், பார்டோக் தங்கியிருந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த, டிரான்சில்வேனியாவைச் (அன்று ஹங்கேரியிலும் இன்று ரோமானியாவிலும் உள்ள பகுதி) சேர்ந்த பணிப்பெண் ஒருத்தி பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. நகரத்துக் குழுக்கள் வாசித்ததையே ஹங்கேரிய இசை என்று நம்பியிருந்த அவருக்கு, அந்த மெட்டு முற்றிலும் வேறாக ஒலித்தது. மறு ஆண்டு, இதே தேடலில் இருந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் நண்பரானார். 1906-இல் இருவரும் சேர்ந்து 20 பாடல்களைப் பியானோ துணையிசையுடன் வெளியிட்டனர்.

பார்டோக் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டுதான் ஊர்களுக்குப் போனார். பாடுபவர் அதன் குழலுக்கு அருகில் வாய் வைத்துப் பாட வேண்டும். சுழலும் மெழுகு உருளையில் ஊசி கோடு கீறும். ஓர் உருளையில் சில நிமிடங்களே அடங்கும். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மெழுகு தேய்ந்துபோகும். அப்படியிருந்தும், நம் கமகத்தைப் போன்ற சிறு அசைவுகளைக்கூட விடாமல் அவர் இசைக்குறியீட்டில் எழுதியதுதான் என்னை வியக்க வைக்கிறது. கருவியைவிட மனிதர்களிடம் பாட்டை வாங்குவதே கடினமாக இருந்தது. எவருக்கும் தெரியாத பழைய பாட்டைக் கேட்டால், கிராமத்துப் பெண் ஒருத்தி ஊரறிந்த பாட்டுகளையே மாற்றி மாற்றிச் சொன்னதை, 1907-இல் எழுதிய கடிதம் ஒன்றில் உரையாடலாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அவரை நான் பெரிதும் மதிப்பது, தம் மொழிப் பாடல்களோடு நின்றுவிடாததற்காக. ஸ்லோவாக்கியப் பாடல்களையும், 3,000-க்கு மேற்பட்ட ரோமானியப் பாடல்களையும் திரட்டினார். 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கும், 1936-இல் துருக்கியின் அதானா பகுதிக்கும் சென்றார். முதல் உலகப் போருக்குப் பின், ரோமானிய இசையைப் பற்றி எழுதியதற்காக நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சொந்த நாட்டிலேயே தூற்றப்பட்டார். அந்தப் பழி நியாயமற்றது. அதானா பகுதியில் 70 வயது முதியவர் ஒருவர் பாடிய முதல் பாட்டிலேயே பழைய ஹங்கேரிய மெட்டின் சாயலை அவர் கண்டுகொள்ள முடிந்தது, பிறர் பாடல்களையும் அதே கவனத்தோடு கேட்டுப் பழகிய காது அது என்பதால்தான்.

1934-இல் பியானோ கற்பிப்பதை விட்டுவிட்டு, ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் அமர்ந்து பழைய உருளைகளை மீண்டும் கேட்டு, தாம் எழுதியதையே திருத்தினார். 1940-இல் அமெரிக்கா சென்ற பிறகும், உடல் நலிந்த நிலையிலும், இந்த வேலையை விடவில்லை. 1945-இல் நியூயார்க்கில் மறைந்தார். அங்கே அவர் செப்பனிட்ட ரோமானியத் தொகுதிகள் 1967-இல்தான் அச்சேறத் தொடங்கின.