ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் திங்கள்கிழமை எழுந்திருக்க முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. கம்பத்துக்குப் பக்கத்து ஊர். பதினைந்து வருடமாக ஜீப்பில் கேரளத்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இப்போது இடுப்பு வலியும் அசதியும் விடாமல் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்கிறேன், அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான். 'மெதுவாகச் செய்' என்கிறார்கள். கிலோக் கணக்கு பார்க்கும் இடத்தில் எப்படி மெதுவாகச் செய்வது?

பதில்: 'மெதுவாகச் செய்' என்று சொல்கிறவர்கள் ஒரு வாளித் துணியை அலசித் தரமாட்டார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கை வேகத்தை நீங்கள் குறைக்க வேண்டாம். பல வருடப் பழக்கத்தில் வந்த வேகம் அது, அதைக் குறைத்தால்தான் கூடுதல் சிரமம். மாற்ற வேண்டியது எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதை.

அதற்கும் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. அசதிக்கு வேலை மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், நான் என்ன யோசனை சொன்னாலும் பாதிதான் பலன் தரும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தோட்டத்துக் கட்டன் சாயாவோடு சேர்த்து விழுங்க வேண்டாம். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

சரி, இடுப்புக்கு வருவோம். ஏலச் சரம் தூரின் அடியில் தரையோடு கிடக்கும். காய் எடுக்க நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். இப்போது நீங்கள் வலி வந்த பிறகு நிமிர்கிறீர்கள். அதை மாற்றி, வலி வருவதற்கு முன்னால், கடிகாரத்தைப் பார்த்து நிமிர வேண்டும். மூன்று நாள் மட்டும் கவனியுங்கள்: குனிந்து எத்தனை நிமிடத்தில் வலி ஏற ஆரம்பிக்கிறது? ஒரு நாள் 40, ஒரு நாள் 30, மோசமான நாளில் 20 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 24. அதுதான் உங்கள் கணக்கு. 24 நிமிடம் ஆனதும் நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெல்லப் பின்னால் நாலைந்து முறை வளையுங்கள். இரண்டு நிமிடம் போதும். செல்போன் அலாரத்துக்கு டவர் தேவையில்லை, காட்டுக்குள்ளும் அடிக்கும்.

இதில் கஷ்டமான நாள் எது தெரியுமா? உடம்பு நன்றாக இருக்கும் நாள். 24 நிமிடத்தில் ஒன்றுமே தெரியாது, இன்னும் கொஞ்சம் போகலாமே என்று கை துடிக்கும். அன்றைக்கும் நிறுத்த வேண்டும். அந்த நாளில் மிஞ்சிச் செய்வதுதான் மறுநாள் உங்களைப் படுக்க வைக்கிறது. ஒரு சரத்தில் கரிங்காய் ஆனதை, அதாவது பறிக்கும் பக்குவத்துக்கு வந்த காயை மட்டும் எடுத்து, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விடுகிறவர் நீங்கள். உடம்புக்கும் அந்தக் கணக்கை வையுங்கள். இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் போனால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம்.

கலிபோர்னியாவில் குனிந்து வேலை செய்யும் விவசாயத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 5 நிமிடம் கூடுதல் ஓய்வு கொடுத்துப் பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். வலியும் சோர்வும் குறைந்தன. விளைச்சல் எடுப்பில் முடிவு ஒரே மாதிரி இல்லை. அதனால் கிலோ குறையவே குறையாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் படுத்துவிடும் இரண்டு நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சூப்பர்வைசரிடமும் அந்தக் கணக்கையே சொல்லுங்கள். 'பையெத் தின்னால் பனையும் தின்னாம்' (மெல்லத் தின்றால் பனையையும் தின்றுவிடலாம்) என்பது மலையாளப் பழமொழிதான், நம் பக்கத்துப் 'பைய'வும் அதுவும் ஒன்றே.

நான் அதிகம் பயப்படுவது மூட்டையைப் பார்த்துத்தான். நெடுநேரம் குனிந்தே இருந்தால் முதுகின் தசைநார்கள் இழுபட்டுத் தளர்ந்து போகும். நிமிர்ந்ததும் பழைய இறுக்கம் வந்துவிடாது, கொஞ்ச நேரம் பிடிக்கும். எடை போடக் கூப்பிட்டதும் குனிந்த இடத்திலிருந்து அப்படியே மூட்டையைத் தூக்குகிறீர்கள் இல்லையா, முதுகு பிடிப்பது அங்கேதான். முதலில் நிமிர்ந்து, நாலடி நடந்து, அப்புறம் தூக்குங்கள். முடிந்தால் இருவராக. சாயங்காலம் ஜீப்பில் நெருக்கியடித்துக் குலுங்கி வந்து இறங்கியதும் தண்ணீர்க் குடத்தை எடுக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் துணியை ஒரே நாளில் துவைக்காதீர்கள். தோட்டத்துச் சேலையை அன்றன்றே அலசிப் போடுங்கள். போர்வை ஒரு வாரம், திரைச்சீலை இன்னொரு வாரம். வாளியைத் தரையில் வைக்காமல் திண்ணையிலோ கல்மேலோ வையுங்கள். ரேஷன் அரிசி மூட்டை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் தூக்கட்டும். கேட்க வேண்டும், கேட்காமல் யாருக்கும் தோன்றாது.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அலாரம், நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானாலும் சரி.